நடுங்கும் உடலும் நலியும் எலும்பும்: பொதுக் காரணங்கள் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

ஐம்பது வயதைக் கடந்தவர்கள் மருத்துவரிடம் சொல்லும் குறைகளில் இரண்டு அடிக்கடி சேர்ந்தே வருகின்றன. ஒன்று, "கை கால் உதறுது டாக்டர்." மற்றொன்று, "எலும்புல சத்தே இல்ல." சொல்பவருக்கு இரண்டும் ஒரே நோய்தான். எலும்பு தேய்ந்ததால் உடம்பு நடுங்குகிறது, கால்சியம் மாத்திரை போட்டால் நின்றுவிடும் என்று அவர் நம்புகிறார். மருத்துவமனை இதே மனிதரை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. நடுக்கத்துக்கு நரம்பியல் பிரிவில் ஒரு சீட்டு, எலும்புக்கு எலும்பு முறிவுப் பிரிவில் இன்னொரு சீட்டு. இரண்டு வரிசையிலும் நின்று இரண்டு மருந்துப் பைகளோடு அவர் வீடு திரும்புகிறார்.

இந்த இரண்டு பார்வைகளிலும் ஏதோ விடுபடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். எலும்புத் தேய்வு தன்னளவில் நடுக்கத்தைத் தருவதில்லை. அந்த வகையில் மக்கள் நம்பிக்கை பிழையானது. ஆனால் நடுக்கத்தையும் எலும்பு நலிவையும் ஒருங்கே பிறப்பிக்கும் மூன்றாவது காரணம் ஒன்று பலரிடம் ஒளிந்திருக்கிறது. அது ஹார்மோனாக இருக்கலாம், தாதுக் குறைவாக இருக்கலாம், மதுவாக இருக்கலாம். நோயாளி நாள்தோறும் விழுங்கும் மாத்திரையாக இருப்பதும் உண்டு. இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது தெரியவரும். காய்ச்சலுக்கு முன் வரும் குளிர்நடுக்கமும் அச்சத்தில் வரும் தற்காலிகப் படபடப்பும் இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன.

1. நடுக்கத்தைப் பிரித்தறிதல்

1.1 நேரமும் வேகமும்

எல்லா மனிதர்களின் கையும் நடுங்குகிறது. நீட்டிய கையின் மேல் ஒரு தாளை வைத்தால் அதன் ஓரம் அதிர்வதைக் காணலாம். நொடிக்கு 8 முதல் 12 முறை நிகழும் இந்த இயல்பான அதிர்வு கண்ணுக்குத் தெரிவதில்லை. உறக்கமின்மை, அளவு மீறிய காபி, பதற்றம், இரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குதல் ஆகியவை அதைப் பெரிதாக்கிக் காட்டுகின்றன. நீரிழிவுக்கு கிளிபென்கிளமைடு, கிளைமிப்பிரைடு போன்ற மாத்திரைகளை எடுப்பவர் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு முற்பகலில் உதறினால் வேறெதையும் தேடும் முன் சர்க்கரையைப் பார்க்க வேண்டும்.

நோயாக வரும் நடுக்கத்தில் முதற்கேள்வி, அது எப்போது வருகிறது என்பது. மடியில் சும்மா கிடக்கும் கை நடுங்கி, பொருளை எடுக்கும்போது அடங்கினால் அது பார்க்கின்சன் வகை. நொடிக்கு 4 முதல் 6 அதிர்வுகள் இருக்கும். நேர்மாறாக, தம்ளரைப் பிடிக்கும்போதும் கையெழுத்துப் போடும்போதும் நடுங்கி, ஓய்வில் நின்றுவிடுவது மூலக்காரணம் தெரியாத செயல்நடுக்கம். பார்க்கின்சனைக் காட்டிலும் இது பல மடங்கு பரவலானது. ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கும். தலை ஆடும், குரலும் நடுங்கும். ஓய்வூதியக்காரரின் கையெழுத்து மாதிரியோடு பொருந்தவில்லை என்று வங்கி திருப்பி அனுப்புவது பெரும்பாலும் இந்த வகையினரைத்தான். பார்க்கின்சன் நோயாளியின் எழுத்து போகப் போகச் சிறுத்துக்கொண்டே வரும். இவர்களுடையதோ பெரிதாக, அலை அலையாக இருக்கும்.

பொருளை நெருங்க நெருங்க நடுக்கம் கூடினால் சிறுமூளையைச் சந்தேகிக்க வேண்டும். அரிதான ஒன்றையும் குறிப்பிடலாம்: எழுந்து நின்றவுடன் தொடைகள் நொடிக்கு 13 முதல் 18 முறை அதிர்ந்து, நடந்தால் குறைந்து, உட்கார்ந்தால் நின்றுவிடும். 1984-இல்தான் இது தனி நோயாகப் பெயர் பெற்றது. தொடையில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் தொலைவில் ஹெலிகாப்டர் பறக்கும் ஒலி கேட்கும். இந்த நோயாளிகள் பலர் "நிற்கவே பயமா இருக்கு" என்று மட்டும் சொல்வதால் மனப்பதற்றம் என்று ஒதுக்கப்பட்டுவிடுகிறார்கள்.

1.2 நடுக்கம்போலத் தோன்றுபவை

"கால் வெடவெடக்குது" என்று சொல்பவர் எல்லோருக்கும் நடுக்கம் இருப்பதில்லை. தரையிலிருந்து எழும்போதும் படியேறும்போதும் மட்டும் தொடை ஆடினால் அது தசை வலுவிழப்பு. கண்ணை மூடினால் தள்ளாடினால் பாதத்து உணர்ச்சி நரம்புகள் நலிந்திருக்கலாம். நீரிழிவும் வைட்டமின் பி12 குறைவும் இதற்குப் பொதுவான காரணங்கள். எழுந்து நின்றதும் கண் இருட்டி உடம்பு ஆடினால் இரத்த அழுத்தம் சரிகிறது. இவை எல்லாவற்றுக்கும் "நரம்புத் தளர்ச்சி" என்று ஒரே முத்திரை குத்தி ஒரு சத்து ஊசி போட்டு அனுப்பும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பி12 குறைந்தவருக்கு அந்த ஊசி மருந்து. மற்றவருக்கு நாள் கடத்தும் வழி.

2. எலும்பு நலிவை அளத்தல்

எலும்பு வளர்ந்து முடிந்த பொருளன்று. ஒரு வகை உயிரணுக்கள் அதை அரித்துக்கொண்டே இருக்க, மற்றொரு வகை கட்டிக்கொண்டே இருக்கிறது. வளர்ந்தவர் உடலில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு எலும்பு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. முப்பது வயதை ஒட்டி எலும்பின் அளவு உச்சத்தை எட்டி, பிறகு மெல்லச் சரிகிறது. மாதவிலக்கு நின்ற சில ஆண்டுகளில் பெண்களுக்கு அந்தச் சரிவு வேகமெடுக்கிறது.

சரிவை அளக்க டெக்ஸா ஸ்கேன் பயன்படுகிறது. இளம்பெண்களின் சராசரி அடர்த்தியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதே டி-ஸ்கோர். -2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் எலும்புத் தேய்வு என்று உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வரையறுத்தது. இந்த எல்லை டெக்ஸாவுக்கு உரியது. குதிகாலை வைத்துப் பார்க்கும் ஒலியலைக் கருவிக்கு இது பொருந்தாது. ஆனால் இலவச எலும்பு அடர்த்தி முகாம்களில் அந்தக் கருவி தரும் எண்ணையே டி-ஸ்கோராகப் படித்து, சிவப்பு நிறத்தில் அச்சடித்த தாளைக் கையில் கொடுக்கிறார்கள். அந்தத் தாளோடு வருபவருக்கு அன்று இரவிலிருந்து உடம்பு நடுங்கத் தொடங்குவது புரிந்துகொள்ளக்கூடியதே.

அடர்த்தி ஒன்றையே வலிமை என்று கொள்வதும் தவறு. இதற்குச் சான்று தமிழகத்துக்கு அருகிலேயே கிடைத்தது. 1937-இல் ஷார்ட் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர்ப் பகுதியில், குடிநீரின் ஃப்ளூரைடால் எலும்பு கெட்டவர்களைப் பற்றி எழுதினர். அந்த எலும்புகள் எக்ஸ்ரேயில் வழக்கத்தைவிட அடர்த்தியாகத் தெரியும். ஆனால் இயல்பான எலும்பின் உறுதி அவற்றுக்கு இராது. முதுகெலும்பில் புது எலும்பு வளர்ந்து தண்டுவடத்தை நெருக்கினால் கால்கள் விறைத்து, நடை தடுமாறும். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரையே குடித்து வளர்ந்த ஒருவர் கால் உதறலோடு வந்தால், "எலும்பு நல்லாத்தானே இருக்கு" என்று ஸ்கேனைப் பார்த்துச் சொல்லிவிடக் கூடாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் ஃப்ளூரைடு என்பதே உலக சுகாதார நிறுவனம் ஏற்கும் மேல் எல்லை.

நீரிழிவிலும் இதே சிக்கல் உண்டு. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களின் அடர்த்தி நன்றாக இருக்கும். எலும்போ அந்த எண் சொல்வதைவிட எளிதாக முறியும்.

3. எலும்பு நடுக்கத்தைத் தருமா?

உடலின் கால்சியத்தில் 99 விழுக்காடு எலும்பில் இருக்கிறது. நரம்பும் தசையும் அமைதியாக இயங்கத் தேவைப்படுவது இரத்தத்தில் மிதக்கும் மிகச் சிறிய எஞ்சிய பங்கு. அது 100 மில்லி லிட்டருக்கு ஏறக்குறைய 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்ற குறுகிய எல்லைக்குள் நிற்க வேண்டும். தைராய்டுக்குப் பின்னால் இருக்கும் நான்கு சிறு பாராதைராய்டு சுரப்பிகள் இதற்குக் காவல். இரத்தத்தில் கால்சியம் சற்றே குறைந்தாலும் எலும்பிலிருந்து எடுத்து ஈடுசெய்துவிடும். எனவே சாதாரண எலும்புத் தேய்வில் இரத்தக் கால்சியம் இயல்பாகவே இருக்கும். நடுக்கம் வருவதற்கு அங்கே காரணமே இல்லை.

அந்தக் காவல் தவறும்போது கதை மாறுகிறது. கால்சியம் தாழ்ந்தால் வாயைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு தோன்றும். தசைகள் துடிக்கும், விரல்கள் குவிந்து இழுத்துக்கொள்ளும். கையில் இரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி மூன்று நிமிடம் இறுக்கினால் விரல்கள் அவ்வாறு மடங்குவதைப் பிரெஞ்சு மருத்துவர் த்ரூசோ 19-ஆம் நூற்றாண்டிலேயே கண்டு சொன்னார். செலவில்லாத அந்தச் சோதனை இன்றும் பயன்படுகிறது. தைராய்டு அறுவையில் பாராதைராய்டு சுரப்பிகள் பாதிக்கப்பட்டவருக்கு அடுத்த ஓரிரு நாளில் இந்த இழுப்பு வரலாம். பாராதைராய்டுக் கட்டியை அகற்றிய பின் வருவது இன்னும் வியப்பானது. நெடுங்காலம் அரிக்கப்பட்ட எலும்பு விடுதலை கிடைத்ததும் இரத்தத்தின் கால்சியத்தை எல்லாம் தனக்குள் இழுத்துக்கொள்கிறது; நோயாளி நடுங்குகிறார். மருத்துவர்கள் இதைப் பசித்த எலும்பு என்கிறார்கள். எலும்பே நேரடியாக நடுக்கத்தை உண்டாக்கும் நிலை என்று சொல்லத் தக்கது இதுதான்.

எலும்புக்கான மருந்தும் இதைச் செய்யும். அரிக்கும் உயிரணுக்களை அடக்கும் டெனோசுமாப் ஊசியோ சோலெட்ரோனிக் அமிலமோ வைட்டமின் டி குறைந்தவருக்கு, அதைச் சரிசெய்யாமல் போடப்பட்டால் கால்சியம் வீழ்கிறது. டயாலிசிஸ் நோயாளிகளில் டெனோசுமாப் உயிருக்கு ஆபத்தான வீழ்ச்சியை உண்டாக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 ஜனவரியில் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை விடுத்தது. சோலெட்ரோனிக் அமிலம் ஏற்றிய மறுநாள் காய்ச்சலோடு வரும் குளிர்நடுக்கம் வேறு. அது பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தணிந்துவிடும்.

வைட்டமின் டி கடுமையாகக் குறைந்து எலும்பு மென்மையாகும் நோயைத் தனியே குறிப்பிட வேண்டும். இதில் எலும்போடு தொடை, இடுப்புத் தசைகளும் நலிகின்றன. நோயாளி வாத்துநடை நடப்பார். உட்கார்ந்து எழ முடியாமல் கால் நடுங்கும். பிரசவத்துக்குப் பின் வெயில் படாமல் இருந்து, பாலும் அதிகம் சேர்க்காத இளம்பெண்களிடமும் இதைக் காணலாம். எலும்புத் தேய்வோடு இதைக் குழப்பக் கூடாது. இதில் இரத்தத்தில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் உயர்ந்திருக்கும், பாஸ்பரஸ் தாழ்ந்திருக்கும், சிகிச்சையில் சில மாதங்களில் நோயாளி எழுந்து நடப்பார்.

4. இரண்டையும் பிறப்பிக்கும் பொதுக் காரணங்கள்

4.1 தைராய்டு மிகை

நீட்டிய விரல்களில் மென்மையான வேக நடுக்கம், படபடப்பு, வியர்வை, நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைதல் ஆகியவை தைராய்டு மிகையின் அடையாளங்கள். அதே மிகை எலும்பின் புதுப்பிப்பை விரைவாக்கி, கட்டுவதைவிட அரிப்பதைக் கூட்டிவிடுகிறது. 1891-இல் ஜெர்மானிய நோயியலாளர் ஃபொன் ரெக்லிங்ஹவுசன், தைராய்டு மிகையால் இறந்த ஓர் இளம்பெண்ணின் எலும்புகள் புழு அரித்தவைபோல இருந்ததைப் பதிவு செய்தார். முதியவர்களிடம் படபடப்பு வெளியே தெரியாது. இளைப்பும் தளர்வும் ஒரு முறிவும் மட்டும் இருக்கும்.

நம் நாட்டில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது மாத்திரையால் வரும் மிகை. தைராய்டு குறைவுக்காக எப்போதோ தொடங்கிய தைராக்சின் அளவைப் பல ஆண்டுகளாகச் சோதிக்காமல் அப்படியே விழுங்குவோர் உண்டு. உடம்பு இளைத்த பின் அதே அளவு அதிகமாகிவிடுகிறது. ஒரே டிஎஸ்எச் சோதனை இதைக் காட்டிக்கொடுக்கும்.

4.2 மருந்துப் பை

என் கருத்தில் இந்த ஆய்வின் மையம் இதுதான். ஒரு துறையில் எழுதிய மருந்தின் விளைவு இன்னொரு துறையில் நோயாகப் பதிவாகிறது.

தலைசுற்றலுக்கு நம் மருந்துக் கடைகளில் எளிதாகக் கிடைப்பது சின்னரிசின். ஒற்றைத் தலைவலிக்கு ஃப்ளூனரிசின். இரண்டும் மூளையில் டோப்பமின் செயலைத் தடுக்கின்றன. சில வாரங்களோ மாதங்களோ தொடர்ந்தால், குறிப்பாக மூதாட்டிகளிடம், பார்க்கின்சனை அப்படியே ஒத்த நடுக்கமும் விறைப்பும் தோன்றலாம். வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடும் இதைச் செய்யும். நடுக்கத்தைக் கண்ட அடுத்த மருத்துவர் பார்க்கின்சனுக்கான மருந்தான லெவோடோபாவை எழுதுகிறார். முந்தைய மாத்திரை நிற்பதில்லை. மெட்டோகுளோபிரமைடு எடுத்த முதியவர்களுக்கு லெவோடோபா எழுதப்படுவது கூடுகிறது என்று அமெரிக்காவில் ஏவர்ன் குழுவினர் 1995-இல் ஆய்ந்து காட்டினர். மருந்தின் தீவிளைவைப் புது நோயாக எண்ணி அதற்கும் மருந்து கொடுக்கும் இந்தச் சங்கிலி நம் ஊர்களிலும் நாள்தோறும் நடக்கக்கூடியது. லெவோடோபா சிலருக்கு எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தத்தைச் சரியச் செய்கிறது. தலைசுற்றலில் தொடங்கியவர் கடைசியில் கீழே விழுகிறார்.

"வாயுத் தொல்லை"க்குக் காலையில் வெறும் வயிற்றில் போடும் கேப்சூல் இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. ரெபிப்ரசோலும் லெவோசல்பிரைடும் சேர்ந்த கலவை இந்தியச் சந்தையில் தாராளமாகப் புழங்குகிறது. லெவோசல்பிரைடு டோப்பமினைத் தடுத்து நடுக்கத்தைத் தரக்கூடியது. புரோலாக்டின் என்ற ஹார்மோனையும் அது உயர்த்துகிறது. மாதவிலக்கு நிற்காத பெண்களிடம் அந்த உயர்வு ஈஸ்ட்ரோஜனைக் குறைத்து எலும்பைப் பாதிக்கும். கூட்டாளியான ரெபிப்ரசோல் அமிலச் சுரப்பை அடக்கும் வகை. இவ்வகை மருந்துகளை நீண்டகாலம் எடுப்போருக்கு எலும்பு முறிவு கூடலாம் என்று 2010-லும், மக்னீசியம் குறையலாம் என்று 2011-லும் அமெரிக்க அமைப்பு எச்சரித்தது. முறிவுத் தொடர்புக்கான சான்றுகள் கண்காணிப்பு ஆய்வுகளிலிருந்து வந்தவை, காரணத்தை உறுதியாக நிறுவியவை அல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மக்னீசியக் குறைவின் வழி தெளிவானது. அது பாராதைராய்டின் வேலையை முடக்குகிறது, கால்சியம் தாழ்கிறது, நடுக்கமும் இழுப்பும் வருகின்றன. கால்சியத்தை மட்டும் எவ்வளவு கொடுத்தாலும் அது ஏறாது. ஒரே கேப்சூலுக்குள் நடுக்கத்துக்கு ஒரு காரணமும் எலும்புக்கு ஒரு சந்தேகமும் சேர்ந்திருக்கின்றன. இதை ஆண்டுக்கணக்கில் விழுங்குபவர், "மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா?" என்று கேட்டால் "ஒன்னும் இல்ல, வெறும் கேஸ் மாத்திரைதான்" என்பார்.

ஆஸ்துமாக்காரரிடம் இரண்டு மருந்துகள் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. சல்பியூட்டமால் கையை நடுங்க வைக்கிறது. அது சிறிது நேரத்தில் அடங்கும், தீங்கில்லை. எலும்பை அரிப்பது வாய்வழி ஸ்டீராய்டு. பிரட்னிசோலோன் நாளுக்கு 2.5 மில்லிகிராம் என்ற சிறிய அளவே மூன்று மாதம் தொடர்ந்தால் எலும்பைக் கவனிக்கத் தொடங்க வேண்டும் என்கின்றன மூட்டுநோய் வல்லுநர்களின் வழிகாட்டல்கள். முறிவு அபாயம் முதல் சில மாதங்களிலேயே ஏறிவிடுகிறது. மூட்டுவலிக்கு என்று பொட்டலத்தில் விற்கும் பெயரற்ற பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டறியப்பட்டுள்ளது. அதைச் சாப்பிட்டவர் முகம் உப்பி, தோல் மெலிந்து, "மருந்து நல்லா கேட்குது" என்று சொல்லிக்கொண்டே எலும்பை இழக்கிறார். திடீரென நிறுத்தினால் அட்ரினல் சுரப்பி விழிக்காமல் தளர்ந்து சாய்வார். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

வலிப்புக்கான வால்புரோயேட் கைநடுக்கத்தைத் தருவதோடு எலும்பு அடர்த்தியையும் குறைக்கிறது. ஃபெனிட்டோயின் வைட்டமின் டி-யை விரைவில் சிதைக்கிறது. அளவு மிஞ்சினால் நடை தள்ளாடும். லித்தியம் மென்மையான நடுக்கத்தைத் தரும், பாராதைராய்டையும் தூண்டிவிடலாம். நடுக்கம் பெரிதாகி, பேச்சு குழறினால் லித்தியம் இரத்தத்தில் நச்சளவை எட்டிவிட்டது என்று கொள்ள வேண்டும்; அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இம்மருந்துகள் எதையும் நோயாளி தானாக நிறுத்தக் கூடாது. வலிப்பு திரும்பினால் விழுவதைத் தடுக்க முடியாது.

4.3 மது

நாள்தோறும் குடிப்பவருக்குக் கடைசிக் குடிக்குப் பின் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுங்கத் தொடங்கும். "ஒரு கட்டிங் போட்டா நின்னுடும்" என்பது அவர் அனுபவம். உண்மையில் நிற்கவும் செய்யும். இதில் ஒரு பொறி இருக்கிறது: முன்னே சொன்ன மூலக்காரணம் தெரியாத செயல்நடுக்கமும் சிறிதளவு மதுவில் அடங்கும். எனவே மதுவில் நின்றது என்பதை மட்டும் வைத்து ஒருவரைக் குடிநோயாளி என்று முடிவு செய்ய முடியாது. குடிநோயாளியைப் பரம்பரை நடுக்கம் என்று தப்பவிடவும் கூடாது. காலையில் கண் விழித்ததும் நடுக்கமும் குமட்டலும் வியர்வையும் சேர்ந்து வந்தால் அது குடிவிலகல். இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பமும் காணாததைக் காண்பதும் வந்தால் அது உயிராபத்து. எலும்பைக் கட்டும் உயிரணுக்களை மது நேரடியாக அடக்குகிறது, உணவைக் கெடுக்கிறது, இரவில் சாலையோரத்தில் விழவும் வைக்கிறது.

4.4 இளையோரும் செம்பும்

நாற்பது வயதுக்குள் நடுக்கம் வந்தால் வில்சன் நோயை நினைக்க வேண்டும். கின்னியர் வில்சன் 1912-இல் விவரித்த இந்தப் பரம்பரை நோயில் செம்பு வெளியேறாமல் கல்லீரலிலும் மூளையிலும் தேங்குகிறது. கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம் தெரியலாம். சிறுநீரக நுண்குழல்கள் கெட்டுப் பாஸ்பரஸ் வீணாவதால் எலும்பும் மென்மையாகிறது. அரிதான நோய்தான். ஆனால் மருந்தால் கட்டுப்படுத்தக்கூடிய சில பரம்பரை மூளைநோய்களில் ஒன்று என்பதால் தவறவிட்டால் மன்னிப்பில்லை. சொந்தத்துக்குள் திருமணம் செய்யும் குடும்பங்களில் உடன்பிறந்தாரையும் சோதிக்க வேண்டும்.

5. பார்க்கின்சன் நோயில் எலும்பு

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் ஆறு பேரைக் கொண்டு இந்த நடுக்கநோயை விவரித்தார். அவர்களில் சிலரை அவர் தெருவில் கண்டதோடு சரி. சித்த மருத்துவத்தில் இது நடுக்குவாதமாக அறியப்படுகிறது. பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைத் தாமோதரனும் ராமசாமியும் 1937-இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் பிரித்தெடுத்தனர். நெல்லூர் ஃப்ளூரைடு ஆய்வு வெளியான அதே ஆண்டு அது. பார்க்கின்சனுக்கு அது மருந்து என்று வியன்னாவில் தெரியவந்தது 1961-இல்; கால் நூற்றாண்டு அந்தப் பொருள் பயனறியாமல் கிடந்தது. இன்று பூனைக்காலிப் பொடியைத் தானாக வாங்கிச் சாப்பிடுவோர், அதில் லெவோடோபாவின் அளவு விதைக்கு விதை மாறும் என்பதையும், மருத்துவர் தரும் மாத்திரையோடு அது கூடிவிடும் என்பதையும் அறிவதில்லை.

எலும்பு முறிவு இந்த நோயாளிகளிடம் கூடுவதற்குப் பல வழிகள் உண்டு. நடமாட்டம் குறைந்து எலும்பின் மேல் சுமை இல்லாமல் போகிறது. வெளியே வராததால் வெயில் படுவதில்லை. எடை குறைகிறது. இவற்றுக்கு மேலாக, விழும் விதமே வேறு. நலமானவர் தடுக்கினால் கையை முன்னே ஊன்றுவார், மணிக்கட்டு முறியும். பார்க்கின்சன் நோயாளிக்குக் கை நீளுவதற்குள் உடம்பு தரையில் இருக்கும். பக்கவாட்டில் சாய்ந்து இடுப்பெலும்பில் அடி விழும். அவ்வளவு தெரிந்தும், நடுக்கம் குறைந்ததா என்று மாதம் தவறாமல் கேட்கும் குடும்பங்களும் மருத்துவர்களும் எலும்பைப் பற்றிக் கேட்பது முதல் முறிவுக்குப் பிறகுதான். நடுக்கம் இந்த நோயில் கண்ணுக்குத் தெரியும் தொல்லை மட்டுமே. நோயாளியைப் படுக்கையில் தள்ளுவது சமநிலை இழப்பு.

6. விழுதல்

"எலும்பு முறிந்து விழுந்தாரா, விழுந்து முறிந்ததா?" என்று வீடுகளில் விவாதம் நடக்கும். இடுப்பெலும்பு முறிவில் மிகப் பெரும்பாலானவை நின்ற உயரத்திலிருந்து விழுந்ததால் வருபவை. ஆயினும் பத்தாண்டு முறிவு அபாயத்தைக் கணிக்க 2008-இல் ஷெஃபீல்டில் உருவான ஃபிராக்ஸ் கணிப்பானில் முன்பு விழுந்தீர்களா என்ற கேள்வியே கிடையாது. நடுங்கும் நோயாளிக்கு அது தரும் எண் உண்மை அபாயத்தைக் குறைத்துக் காட்டக்கூடும்.

விழும் வாய்ப்பை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்ல வேண்டும். 12 நொடிக்கு மேல் ஆனால் கவனம் தேவை. படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் இரத்த அழுத்தம் பார்த்து, மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால், அழுத்த மாத்திரைகளையும் புராஸ்டேட் மாத்திரையையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும். நம் மருத்துவமனைகளில் அழுத்தத்தை உட்கார்ந்த நிலையில் ஒரு முறை பார்த்து எழுதிவிடுகிறார்கள். இந்தச் சரிவு அதில் படாது.

7. வைட்டமின் டி மீதான மிகைநம்பிக்கை

குறைவு உள்ளவருக்கு வைட்டமின் டி மருந்து. குறைவு இல்லாதவருக்கு அது எதைத் தருகிறது? அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த வைட்டல் ஆய்வில், நாளுக்கு 2000 யூனிட் எடுத்த பொதுவாக நலமானவர்களிடம் முறிவு குறையவில்லை என்று 2022-இல் தெரியவந்தது. அதிகம் கொடுத்தால் அதிக நன்மை என்ற கணக்கும் உடைந்தது. ஆஸ்திரேலியாவில் 70 வயது கடந்த 2,256 பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010-இல் வெளியானது. மருந்து எடுத்தவர்களே அதிகம் விழுந்தார்கள், அவர்களுக்கே அதிகம் எலும்பு முறிந்தது. இங்கே 6 லட்சம் யூனிட் ஊசியைக் கேட்டுப் போட்டுக்கொள்வோரும், எட்டு வாரத்துக்கு எழுதிய 60,000 யூனிட் பாக்கெட்டை ஆண்டுக்கணக்கில் தொடர்வோரும் இந்த முடிவை அறிய வேண்டும். மிஞ்சினால் இரத்தக் கால்சியம் ஏறி, தளர்வு, குழப்பம், சிறுநீரகக் கெடுதி வரை போகும்.

உணவுக் கணக்கு எளியது. பெரியவர்களுக்கு நாளுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்பது 2020-இல் ஐசிஎம்ஆர் தந்த அளவு. நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது. பால், தயிர், முள்ளோடு உண்ணும் சிறுமீன் மீதியைத் தரும். இவற்றால் எலும்பு நிலைக்கும். நடுக்கத்தை இவை நிறுத்தா.

8. தேடும் ஒழுங்கு

இவற்றைக் கொண்டு ஒரு வரிசையை முன்மொழியலாம். ஸ்கேனுக்கு முன் மருந்துப் பையை முழுவதும் மேசையில் கொட்ட வேண்டும். கேஸ் மாத்திரை, தலைசுற்றல் மாத்திரை, நாட்டு மருந்துப் பொடி உட்பட. நடுக்கம் தொடங்கிய மாதத்தையும் ஒவ்வொரு மருந்தும் தொடங்கிய மாதத்தையும் ஒப்பிட வேண்டும். அடுத்து சர்க்கரை, டிஎஸ்எச், கால்சியம், அல்புமின், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்பட்டேஸ், மக்னீசியம், கிரியாட்டினின், பி12, வைட்டமின் டி. இவை தாலுகா அளவிலும் செய்யக்கூடிய, பெரும்பாலும் மூளை எம்ஆர்ஐயைவிட மிகக் குறைந்த செலவுள்ள சோதனைகள். அல்புமின் குறைந்தவருக்குக் கால்சியம் பொய்யாகக் குறைந்து தெரியும் என்பதால் அதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒருபக்க நடுக்கம், பேச்சுக் குழறல், புதிய பலவீனம், திடீர்த் தொடக்கம் இருந்தால் இந்த வரிசைக்குக் காத்திராமல் நரம்பியலாளரிடம் போக வேண்டும்.

மருந்தால் வந்த நடுக்கம் மருந்தை நிறுத்தியதும் உடனே போவதில்லை. வாரங்கள் ஆகும், சின்னரிசின் போன்றவற்றில் சில மாதங்களும் ஆகலாம். சிலரிடம் அது போகாமலே நின்று, உள்ளே மறைந்திருந்த பார்க்கின்சன் வெளிப்படுகிறது. எலும்பின் மீட்சி அதைவிட மெதுவானது. சிகிச்சை தொடங்கி ஓராண்டு இரண்டாண்டு கழித்தே டெக்ஸாவில் மாற்றம் தெரியும். அந்தக் காலம் முழுவதும் நோயாளி நடுங்கும் காலோடும் நலிந்த எலும்போடும் இரவில் எழுந்து கழிப்பறைக்கு நடப்பார். ஆகவே சோதனை முடிவுகள் வரும் முன்பே செய்ய வேண்டியவை சில: குளியலறையிலும் கழிப்பறையிலும் சுவரில் கைப்பிடி, கட்டிலிலிருந்து கழிப்பறை வரை அணையாத விளக்கு, ஈரம் தங்காத தரை, குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் செருப்பு.